லைக் வருகிறது, வேலை வரவில்லையே?

கேள்வி: வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்து தருகிறேன். இன்ஸ்டாகிராமில் தினமும் படம் போடுகிறேன். லைக் குவிகிறது, வாடிக்கையாளர் வரவில்லை. ஏன்?

பதில்: லைக்கை எண்ணுவதை விடுங்கள் ஐயா, அதில் பாதி உங்கள் போட்டியாளர்கள் போட்டதாகக்கூட இருக்கும்! தொழில்முறைக் கணக்குக்கு மாறினால் ‘இன்சைட்ஸ்’ என்ற புள்ளிவிவரப் பகுதி கிடைக்கும். பதிவை எத்தனை பேர் சேமித்தார்கள் என்று அதில் பாருங்கள். வீடு கட்டுகிறவர்தான் பெரும்பாலும் சேமித்து வைப்பார். அவருக்குப் பளபளக்கும் சோபா வேண்டாம். இருட்டுச் சமையலறைக்கு வெளிச்சம் எப்படி வந்தது, அலமாரியை ஏன் இடம் மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். படத்துக்குக் கீழே இணைய முகவரி எழுதினால் அழுத்தித் திறக்க முடியாது. சுயவிவரத்தில் கொடுங்கள். 2018இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸில் தானியங்கி வரவேற்புச் செய்தி வைக்கலாம். கட்டணம் விசாரிப்பவருக்கு மட்டும் நீங்களே, அன்றே பதில் எழுதுங்கள்.