பாவனையாளர் கேள்வி–பதில்: ரீல்ஸைக் குறைக்க எந்தப் பொத்தானை அழுத்துவது?

இந்தக் கிழமை திருகோணமலைப் பக்கமிருந்து வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: கேட்காமலே வந்து விழுகிற குட்டி வீடியோக்கள். பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் இவற்றுக்கு ‘ரீல்ஸ்’ என்று பெயர், யூடியூபில் ‘ஷார்ட்ஸ்’. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டொக் எதன் அப்பிலும் இவற்றை ஒரேயடியாக நிறுத்துகிற சுவிட்ச் கிடையாது. குறைக்கலாம், அதுவும் சரியான இடத்தில் கை வைத்தால். அதற்காக யாருக்கும் ஒரு சதம் கொடுக்க வேண்டியதில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியை, உவர்மலை: நான் பேஸ்புக் திறப்பது பழைய மாணவர் குழுவைப் பார்க்கவும், கோணேசர் கோயில் திருவிழாப் படங்களைப் பார்க்கவும், கனடாவில் இருக்கிற மகளின் பிள்ளைகளைப் பார்க்கவும்தான். இப்போது திறந்தால் யாரோ சமைக்கினம், யாரோ ஆடினம், யாரோ காரோடு பள்ளத்தில் விழுகினம். ஒவ்வொன்றாக ‘நொட் இன்டரெஸ்டட்’ (விருப்பமில்லை) அழுத்தி விரல் நோகுது. அடுத்த நாளும் அதே கதை. நான் ஏதும் பிழையாகச் செய்கிறேனா?

இல்லை டீச்சர். பொத்தானில் அவ்வளவு வலு இல்லை. யூடியூபில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2022ஆம் ஆண்டு, பயர்பாக்ஸ் உலாவிக்குப் பின்னால் இருக்கிற மொஸில்லா அமைப்பு 22,722 பேரின் பரிந்துரைகளைத் திரட்டிப் பார்த்தபோது, ‘நொட் இன்டரெஸ்டட்’ அழுத்தியதால் வேண்டாத வீடியோக்கள் 11 சதவீதம்தான் குறைந்திருந்தன. ‘டிஸ்லைக்’ 12 சதவீதம். பார்த்த வரலாற்றிலிருந்து அந்த வீடியோவை நீக்கியவர்களுக்கு 29 சதவீதம். ‘இந்தச் சனலைப் பரிந்துரைக்காதே’ என்பதை அழுத்தியவர்களுக்கு 43 சதவீதம். எல்லாவற்றிலும் வலுவானதே பாதியைத் தொடவில்லை. பேஸ்புக்கின் ‘ஷோ லெஸ்’ (குறைவாகக் காட்டு) பொத்தானும் தற்காலிகமாகத்தான் வேலை செய்யும் என்று அதை அறிமுகப்படுத்தியபோது அந்த நிறுவனமே சொல்லியிருந்தது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. இந்த அப்புகள் பெரிதாகக் கணக்குப் பார்ப்பது நீங்கள் ஒரு வீடியோவில் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்பதைத்தான். கார் பள்ளத்தில் விழுகிறது. திடுக்கிட்டு நிற்கிறீர்கள். பிறகு கண்ணாடியைத் தேடிப் போட்டு, மூலையில் இருக்கிற மூன்று புள்ளியைக் கண்டுபிடித்து, மெனுவை வாசித்து அழுத்துகிறீர்கள். அதுவரைக்கும் நீங்கள் அந்த வீடியோவில்தான் நிற்கிறீர்கள். இதைவிட, பிடிக்காததைக் கண்டதும் தயங்காமல் மேலே தள்ளிவிடுவது நல்லது. ‘இந்தக் கொடுமையைப் பாருங்கோ’ என்று குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பவே அனுப்பாதீர்கள். நீங்கள் திட்டித்தான் பகிர்ந்தீர்கள் என்பது கணக்கில் வராது, பகிர்ந்தது மட்டும் வரும்.

உங்களுக்கு உண்மையில் உதவப்போவது வேறோர் இடம். பேஸ்புக் மெனுவுக்குள், அதாவது மூன்று கோடு போட்ட இடத்துக்குள், ‘பீட்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது. 2022 முதல் உண்டு. ஆனால் கண்ணில் படாத மூலையில் வைத்திருக்கிறார்கள், அது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அதைத் திறந்தால் நண்பர்கள், குழுக்கள், நீங்கள் பின்தொடர்கிற பக்கங்கள் மட்டும், புதியது மேலே என்ற வரிசையில் வரும். விளம்பரம் வரும், முன்பின் தெரியாதவரின் ரீல்ஸ் வராது. அங்கேயே ‘பேவரிட்ஸ்’ பட்டியலில் 30 பேர் அல்லது பக்கங்கள் வரை சேர்க்கலாம். மகளையும் கோயில் பக்கத்தையும் அதில் போடுங்கள். ஒரே சிரமம், ஒவ்வொரு முறை அப்பைத் திறக்கும்போதும் அது பழையபடி முகப்பில்தான் கொண்டுபோய் நிறுத்தும். நீங்களாகத்தான் பீட்ஸுக்குப் போக வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஓகஸ்ட் முதல், பெரிய தளங்கள் ஆளின் பழக்கவழக்கத்தை வைத்துப் பரிந்துரைக்காத ஒரு தெரிவையும் தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கனடாவில் இருக்கிற மகளுக்கும் அது பொருந்தாது, உவர்மலையில் இருக்கிற உங்களுக்கும் பொருந்தாது.

விருந்தினர் விடுதி நடத்துபவர், உப்புவெளி: எங்கள் தொழிலுக்கு இன்ஸ்டாகிராம் தேவை. திமிங்கிலம், புறாமலை, பவளப்பாறை என்று நானே ரீல்ஸ் போடுகிறவன். ஆனால் எனக்கு வருவதெல்லாம் கார், கிரிக்கெட் சண்டை, அரைகுறை வைத்தியம். கணக்கை மூடவும் முடியாது.

மூட வேண்டாம். மேலே இருக்கிற இன்ஸ்டாகிராம் என்ற எழுத்தைத் தட்டினால் ‘பொலோயிங்’ என்று வரும், அதில் நீங்கள் பின்தொடர்கிறவர்கள் மட்டும். அதைவிட நல்லது, அமைப்புகளில் ‘கொன்டென்ட் பிரிபரன்ஸஸ்’ பகுதிக்குப் போய்ப் பரிந்துரைப் பதிவுகளை 30 நாளுக்கு நிறுத்திவைப்பது. வித்தியாசம் அன்றைக்கே தெரியும். ஆனால் 30 நாள் முடிந்ததும் சத்தமில்லாமல் எல்லாம் திரும்பி வந்துவிடும். இங்கே நமக்கு ஒரு வசதி இருக்கிறது: ஒரு போயாவுக்கும் அடுத்த போயாவுக்கும் இடையில் 29 அல்லது 30 நாள்தான். போயா விடுமுறையில் ஒருமுறை புதுப்பித்துவிடுங்கள், தவணை தவறாது.

பரிந்துரைகளை முழுதாக அழித்துப் புதிதாகத் தொடங்குகிற ‘ரீசெட்’ வசதியும் அதே பகுதியில் உண்டு. அதைச் செய்தால் அடுத்த சில நாட்கள் எதில் நிற்கிறீர்கள் என்பதில் கவனமாயிருங்கள். கிரிக்கெட் சண்டையில் நின்றால் கிரிக்கெட் சண்டைதான் திரும்பி வரும்.

படகுச் சொந்தக்காரர், திருக்கடலூர்: காற்று எப்படி, கடல் எப்படி என்று பார்க்கத்தான் முக்கியமாகப் போன் வைத்திருக்கிறேன். இருந்தாலும் போட்ட டேட்டா கிழமை முடிய முதல் தீர்ந்துபோகுது. போன் கடைத் தம்பி ஒருவர் ‘ஷார்ட்ஸ் வராத யூடியூப்’ ஒன்றைப் போட்டுத் தாறன், கொஞ்சக் காசுதான் என்கிறார். போடலாமா?

போடாதீர்கள் அண்ணை. பிளே ஸ்டோரில் இல்லாமல், யாரோ உள்ளுக்குள் மாற்றி எழுதிய யூடியூப் அது. பெரும்பாலும் அதற்குள் உங்கள் கூகுள் கணக்கைக் கொடுத்து நுழையச் சொல்வார்கள். அந்தக் கணக்கில்தான் உங்கள் தொலைபேசி இலக்கங்களும் படங்களும் இருக்கின்றன, அதே போனுக்குத்தான் வங்கியின் இரகசிய இலக்கமும் வருகிறது. எழுதியவர் யார் என்று தம்பிக்கும் தெரியாது. கணக்குப் பறிபோனால் முறையிட ஆளும் இல்லை. ஏற்கெனவே காசு கொடுத்திருந்தால் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் தர வேண்டியது வியாபாரியின் கடமை. தர மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977.

இனி டேட்டா. ஒரு வீடியோ விநாடிக்கு 2 மெகாபிட் வீதம் ஓடுகிறது என்று வையுங்கள். ஒரு மணித்தியாலத்தில் 7,200 மெகாபிட். எட்டு மெகாபிட் ஒரு மெகாபைட், அதாவது 900 மெகாபைட். கிட்டத்தட்ட ஒரு ஜீபி போயே போய்விட்டது. குட்டி வீடியோவில் இன்னொரு சிக்கல், நீங்கள் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததை அப் முன்கூட்டி இறக்கிவைக்கும். பார்க்காமலே தள்ளிவிட்டதற்கும் கொஞ்சம் டேட்டா போயிருக்கும்.

பேஸ்புக் அமைப்புகளில் ‘மீடியா’ என்பதற்குள் போய் ‘நெவர் ஓட்டோபிளே’ என்று மாற்றுங்கள். முகப்பில் வீடியோக்கள் தாமாக ஓடாது. ஒரு ரீல்ஸைத் தட்டித் திறந்துவிட்டால் மட்டும் அந்தத் தடை செல்லாது. யூடியூப் அமைப்புகளில் மொபைல் டேட்டாவுக்கு வீடியோத் தரத்தைக் குறைக்க இடமிருக்கிறது. போனின் அமைப்புகளில் எந்த அப் எவ்வளவு தின்றது என்ற பட்டியலும் உண்டு. எதையும் மாற்ற முதல் அதை ஒருக்கால் பாருங்கள். வீட்டில் பேரப்பிள்ளை யாராவது போனை எடுக்கிறார்களா என்பதும் அதில் தெரிந்துவிடும்.

பக்கேஜ் வாங்கும்போது, சமூக ஊடகத்துக்கு மட்டும் மலிவாகத் தருகிற டேட்டாவை விட்டுவிட்டு, எதற்கும் பாவிக்கக்கூடிய டேட்டாவை எடுங்கள். முதலாவதில் ஜீபி கூடத் தெரியும், ஆனால் நீங்கள் குறைக்க நினைக்கிற அதே அப்பில்தான் அதைச் செலவழிக்க முடியும். பகல் டேட்டா, இரவு டேட்டா என்று பிரித்துக் கூட்டிக் காட்டுகிற பக்கேஜிலும் பகலுக்கு எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். கடல் நிலைக்கு வீடியோவே தேவையில்லை. வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடற்பிரதேச முன்னறிவிப்பு எழுத்தில் வருகிறது, அதற்கு டேட்டா போனதாகவே தெரியாது.

ஒரு தாய், பாலையூற்று: மகன் ஓ/எல் எடுக்கிறான். கணிதப் பாடம் யூடியூபில்தான் பார்க்கிறான், அதனால் போனைப் பறிக்க முடியாது. ஆனால் பாடம் தேடித் திறக்கிறவன் ஷார்ட்ஸில் ஒரு மணித்தியாலம் போய் நிற்கிறான். கேட்டால் சண்டை.

யூடியூபில் பார்த்த வரலாற்றை அழித்து, இனிப் பதியாதபடி நிறுத்திவிடுங்கள். 2023 ஓகஸ்டிலிருந்து, வரலாறு இல்லாத கணக்கின் முகப்பில் பரிந்துரையே காட்டுவதில்லை. வெறும் தேடற்பெட்டிதான் நிற்கும். கணித ஆசிரியரின் சனலுக்கு அவன் சந்தா போட்டிருந்தால் அது ‘சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ பகுதியில் வழமைபோல் இருக்கும். ஒன்றும் செலவில்லாமல், ஒரு நிமிடத்தில் செய்யக்கூடிய இதைத்தான் நான் முதலில் சொல்வேன். கீழே ‘ஷார்ட்ஸ்’ பொத்தான் மட்டும் அப்படியே இருக்கும்.

அதையும் மறைக்க வேண்டுமென்றால் அப்பை விட்டு உலாவிக்கு மாற வேண்டும். அண்ட்ரொய்ட் போனில் குரோம் உலாவி நீட்சிகளை (உலாவியோடு சேர்க்கிற குட்டிச் செயலிகளை) ஏற்காது, பயர்பாக்ஸ் ஏற்கும். அதில் ‘யூபுளொக் ஒரிஜின்’ என்ற இலவச நீட்சியைப் போட்டு, ஷார்ட்ஸை மறைக்கிற வடிகட்டியைச் சேர்த்தால் யூடியூப் தளத்திலிருந்து அந்த வரிசைகள் காணாமல் போகும். யூடியூப் தன் பக்க அமைப்பை மாற்றினால் வடிகட்டி சிலவேளை பிசகும், பிறகு புதுப்பிக்க வேண்டும். இதற்கெல்லாம் கை பழகிய ஒருவர் வீட்டில் இருந்தால் நல்லது. உங்கள் வீட்டில் அந்த ஆள் மகனாகத்தான் இருப்பான் என்றால், அவனோடு பேசி அவனையே செய்யச் சொல்லுங்கள். மறைவாகச் செய்தால் அன்றிரவே கழற்றிவிடுவான்.

2025 ஒக்டோபரில் ஷார்ட்ஸுக்கு ஒரு நாள் எல்லை வைக்கிற வசதியும் வந்தது. எல்லை முடிந்ததும் ஓர் அறிவிப்பு வந்து நிற்கும். பெரியவர்களின் கணக்கில் அதைத் தட்டிவிட்டுத் தொடரலாம், ஆகவே அதை மட்டும் நம்ப வேண்டாம். பாடத்தைப் பொறுத்தவரை, கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்தில் தமிழ்மொழிப் பாடங்கள் இருக்கின்றன. பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்திலிருந்து இலவசமாக இறக்கலாம். இரண்டிலும் ஷார்ட்ஸ் இல்லை.

இளம்பெண், கிண்ணியா: டிக்டொக்கில் ஒரேயொரு ராசிபலன் வீடியோவைச் சிரிப்புக்காகப் பார்த்தேன். இப்போது முழுக்க அதுதான். ‘ராசிபலன்’ என்ற சொல்லை வடிகட்டியில் போட்டும் வருகிறது.

அமைப்புகளில் ‘கொன்டென்ட் பிரிபரன்ஸஸ்’ பகுதியில் இருக்கிற சொல் வடிகட்டியைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சரியான இடம்தான். ஆனால் நம்மவர்கள் வீடியோவுக்குக் குறிச்சொல் போடுவது பாதிக்கு மேல் ஆங்கில எழுத்தில், அதுவும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில். நீங்கள் தமிழில் ஒரு சொல்லைப் போட்டால் தமிழில் எழுதினதுதான் பிடிபடும். வருகிற வீடியோக்களின் கீழே என்ன குறிச்சொல் இருக்கிறது என்று பார்த்து, ராசிபலன், ஜோதிடம், பன்னிரண்டு ராசிகளின் பெயர்கள் எல்லாவற்றையும் இரண்டு எழுத்திலும் போடுங்கள். அலுப்பான வேலைதான். அலுத்துவிட்டால் அதே பகுதியில் ‘போர் யூ’ வரிசையை, அதாவது டிக்டொக் உங்களுக்கென்று தெரிந்து காட்டுகிற வீடியோக்களை, புதுப்பிக்கிற வழி இருக்கிறது, 2023 மார்ச்சில் வந்தது. புதிதாய்க் கணக்குத் திறந்தவருக்குக் காட்டுவதுபோல் பொதுவான வீடியோக்களிலிருந்து தொடங்கும்.

கடை வைத்திருப்பவர், மூதூர்: ஒரு குட்டி வீடியோவைத் தள்ளும்போது விரல் பட்டு ஏதோ விளம்பரம் திறந்தது, மூடிவிட்டேன். அன்றிலிருந்து தினமும் ரீலோட் காசில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிகிறது.

ஏதோ ஒரு கட்டணச் சேவையில் உங்கள் இலக்கம் சேர்ந்திருக்கலாம். அப்பை அழிப்பதால் அது நிற்காது. உங்கள் தொலைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர் இலக்கத்துக்கு எடுத்து, ‘என்ர இலக்கத்தில் இருக்கிற வேல்யூ அடட் சேர்விஸ் எல்லாத்தையும் வாசியுங்கோ, எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ’ என்று கேளுங்கள். எந்தத் திகதியிலிருந்து கழிகிறது என்பதையும் கேட்டு, முறைப்பாட்டு இலக்கத்தை எழுதிவையுங்கள், கழித்த காசைத் திருப்பியும் கேளுங்கள். வந்த குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி. நிறுவனம் இழுத்தடித்தால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு 1900இல் முறையிடலாம்.

ஒருவரிக் கேள்வி, தம்பலகாமம்: யூடியூப் பிரீமியத்துக்குக் காசு கட்டினால் ஷார்ட்ஸ் போய்விடுமா?

போகாது. விளம்பரம் போகும். ஷார்ட்ஸ் விளம்பரமில்லாமல் வரும்.