காக்காவைத் ‘தாத்தா’ என்கிறான்: பேச்சுப் பயிற்சி தேவையா?

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு படிக்கிறான். கோவையாகப் பேசுகிறான், ஆனால் ‘க’ வரவில்லை. காக்காவைத் ‘தாத்தா’ என்கிறான். பிள்ளைகள் கேலி செய்வதால் வகுப்பில் வாயே திறப்பதில்லை. வட்டார வள மையத்தில் பேச்சுப் பயிற்சிக்குக் கேட்கலாம் என்கிறார் ஆசிரியர். அங்கே போனால் மாற்றுத்திறனாளி என்று பதிந்துவிடுவார்களோ எனப் பயமாக இருக்கிறது. நாக்கு ஒட்டியிருக்கிறது, அறுத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். என்ன செய்யட்டும் டாக்டர்?

பதில்: ஆசிரியர் சொன்னபடி செய்யுங்கள். குழந்தை வாய் மூடிக்கொண்டதைக் கவனித்து வழியும் சொல்லியிருக்கிறார், நல்ல ஆசிரியர்.

நாக்கை அறுக்க வேண்டியதில்லை. நீங்களே சொல்லிப் பாருங்கள். ‘த’ சொன்னால் நாக்கு நுனி மேல்பல்லைத் தொடும். ‘க’ சொன்னால் நுனி சும்மா இருக்க, பின்நாக்கு எழும்பி அண்ணத்தைத் தொடும். நாக்கு ஒட்டியிருந்தால் சிரமப்படுவது நுனிதான். உங்கள் பையனுக்கோ நுனியால் சொல்லும் ‘த’ நன்றாகவே வருகிறது. பின்நாக்கைத் தூக்கத்தான் இன்னும் பழகவில்லை. வசம்பு தேய்ப்பதும் வேண்டாம்.

மூன்று வயதில் இப்படிப் பேசுவது சகஜம். பெரும்பாலும் 4 வயதுக்குள் தானாக மாறிவிடும். ர, ற, ழ குழறினால் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்பேன். ‘க’வுக்கு இனியும் காத்திருக்கக் கூடாது. எழுதும்போதும் ‘கடல்’ ‘தடல்’ ஆகிறதா என்று நோட்டைப் பாருங்கள். ஒலி குழம்பினால் எழுத்துக்கூட்டி வாசிப்பதும் தடுமாறலாம்.

முதலில் காது. அடிக்கடி சளி, குறட்டை, டிவியைச் சத்தமாக வைப்பது இவையெல்லாம் உண்டா? நடுக்காதில் நீர் கோத்திருந்தால் வலியே இல்லாமல் கேட்கும் திறன் குறையும். ஆகவே பயிற்சி தொடங்கும் முன் செவித்திறன் பரிசோதனை அவசியம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதைச் செய்துகொள்ளலாம். பிறந்தது முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கான தேசியத் திட்டத்தின் கீழ், குழந்தைகளின் குறைகளை ஆரம்பத்திலேயே கண்டு உதவும் மாவட்ட இடையீட்டு மையங்களில் பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவே அங்கே அனுப்பி வைக்கும்.

பதிவு பற்றிய பயம் புரிகிறது. பயிற்சிக்குப் போனதாலேயே யாரும் மாற்றுத்திறனாளி ஆகிவிடுவதில்லை. அந்தச் சான்றிதழுக்கு நீங்கள் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், மருத்துவர்கள் மதிப்பிட வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் பேச்சு, மொழிக் குறைபாடும் ஒன்று. ஆனால் ஓர் எழுத்து வராததற்கெல்லாம் அது பொருந்தாது.

பயிற்சியில் முதலில் காதைப் பழக்குவார்கள். காய், தாய் என்று இரண்டு படங்களை வைத்து, சொல்வது எது என்று தொடச் சொல்வார்கள். அப்புறம் தலையைச் சாய்த்துக் கொப்பளிக்க வைத்துத் தொண்டைப் பக்கத்தை உணர்த்துவார்கள். ‘க’ தனியாக வந்தபிறகு சொல், அதன்பின் வாக்கியம். வள மையப் பயிற்சியாளர் தினமும் வரமாட்டார், அதனால் அவர் தரும் பயிற்சியை வீட்டில் தினம் பத்து நிமிடம் செய்யுங்கள். மற்ற நேரத்தில் “சரியா சொல்லு” என்று நிறுத்தாதீர்கள். அவன் “தாத்தா வந்துடுச்சு” என்றால், “ஆமா, காக்கா வந்துடுச்சு” என்று பேச்சைத் தொடருங்கள்.

ஆசிரியரிடம் ஓர் உதவி கேளுங்கள். கொஞ்ச நாள் அவனைத் தனியாக எழுப்பி வாசிக்கச் சொல்லாமல், நண்பன் ஒருவனோடு சேர்ந்து வாசிக்கச் சொல்லட்டும். கேலியை வகுப்பிலேயே அவர் நிறுத்த வேண்டும். பயிற்சியாளர் அந்த வாரம் எந்தச் சொற்களைப் பழக்குகிறாரோ, அவற்றை ஆசிரியருக்கும் எழுதிக் கொடுங்கள்.