ஊட்டும்போது உங்கள் போன் எங்கே? சிறு குழந்தைகள் சாப்பாடு: கேள்வி பதில்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பெற்றோர் கேட்டவற்றுக்குக் குழந்தைகள் உணவு ஆலோசகர் ஒருவர் சொன்ன பதில்கள்.

அக்கா, பையனுக்கு ரெண்டு வயசு. போனில் பாட்டு ஓடினால்தான் வாயைத் திறக்கிறான்.

அவன் போனை அப்புறம் பார்ப்போம். ஊட்டும்போது உங்கள் போன் எங்கே இருக்கிறது? வயிறு நிறைந்தால் குழந்தை தலையைத் திருப்பும், உதட்டை இறுக்கும், சோற்றை வாயிலேயே அதக்கிக்கொள்ளும். முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்குத்தான் இதெல்லாம் தெரியும். பாட்டு ஓடும்போது நிறைந்தது அவனுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது; கிண்ணம் காலியானால் சரி என்று ஆகிவிடுகிறது. இரண்டு வயதுக்கு நாளுக்கு மொத்தமே 1 மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. மூன்று வேளையும் அரை மணி ஓட்டினாலே அது தாண்டிவிடும். ஒரேயடியாக நிறுத்தினால் ரகளைதான். காலை வேளையில் மட்டும் முதலில் நிறுத்துங்கள். நீங்களும் தட்டோடு பக்கத்தில் உட்காருங்கள். இரண்டு இட்லிக்குப் பதில் அரை இட்லி போனாலும் பதற வேண்டாம்.

ஒரு வயசு வரை நன்றாகச் சாப்பிட்டவள் இப்போது கொறிக்கிறாள். எனக்கு ஊட்டத் தெரியவில்லை என்கிறார் மாமியார்.

3 கிலோவில் பிறந்த குழந்தை ஒரு வயதில் ஏறக்குறைய 9 கிலோ ஆகிறது. அடுத்த வருடம் முழுக்க ஏறுவது 2, 2.5 கிலோதான். வளர்ச்சி நிதானமாகும்போது பசியும் குறையும். அங்கன்வாடியில் எடை போட்டு, அட்டையில் கோடு ஏறுவதை மாமியாருக்குக் காட்டுங்கள். ஏறவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள். பால் எவ்வளவு கொடுக்கிறீர்கள்? தினம் அரை லிட்டருக்கு மேல் போனால் சோற்றுக்கு எங்கே இடம்? இரும்புச்சத்தும் குறையும்.

பெற்றோர் கவனமாக இருந்தால் பிள்ளை காய்கறி சாப்பிடும் என்பதற்கு நிரூபணம் உண்டா அக்கா?

நல்ல கேள்வி. சாப்பாட்டு நேரத்தில் பதறாமல் கவனிக்கும் பெற்றோரின் பிள்ளைகள் கொஞ்சம் நன்றாகச் சாப்பிடுவதாகச் சொல்லும் ஆய்வுகள் பெரும்பாலும் பெற்றோரிடமே கேட்டு எழுதியவை. சமர்த்தாகச் சாப்பிடும் பிள்ளை இருந்தால் யாருக்கும் நிதானம் வரும். எது எதனால் என்று அதில் பிரிக்க முடியாது. வற்புறுத்தலைப் பற்றி இன்னும் திடமாகப் பேசலாம். 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், சூப்பைக் குடித்து முடி என்று நெருக்கியபோது சிறு பிள்ளைகள் குறைவாகவே குடித்தார்கள், சூப்பைப் பற்றிக் குறையும் அதிகம் சொன்னார்கள். முருங்கைக்கீரையும் அப்படித்தான். தட்டில் வையுங்கள், நீங்கள் சாப்பிடுங்கள், அதைப் பற்றிப் பேசாதீர்கள். பத்துப் பதினைந்து தடவை வைத்த பிறகுதான் பல பிள்ளைகள் கை வைக்கும்.

வாளையார் தாண்டிக் கோயம்புத்தூர் வேலைக்குப் போய் ராத்திரி எட்டு மணிக்கு வருகிறேன். பொறுமைக்கு எங்கே போவது?

தினம் ஒரு வேளை, பதினைந்து நிமிடம் போதும். என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பாடு. எவ்வளவு என்பது பிள்ளையின் பாடு. அமெரிக்க உணவு நிபுணர் எல்லின் சாட்டர் சொன்ன பங்கீடு இது. அலுத்து வருகிற அம்மாவுக்கு இதில் பாதிச் சுமை இறங்கும். ஊட்டியே தீர வேண்டும் என்ற கோபத்தோடு உட்காருவதற்குப் பதில், அன்றைக்குப் பாட்டியே ஊட்டட்டும்.

அங்கன்வாடியில் தரும் அமிர்தம் சத்துப் பொடியைக் கூழாகக் கொடுத்தால் துப்புகிறான்.

கூழ்தான் என்று சட்டமில்லை. அடையாகச் சுடுங்கள், புட்டாக அவியுங்கள். அதில் ஏற்கெனவே இனிப்பு உண்டு, மேலே சர்க்கரை போடாதீர்கள்.