தாத்தாவின் 1970 அம்பாசிடர்: இன்ஜினை மாற்றலாமா, அதையே தேற்றலாமா?

கேள்வி: தாத்தா ஓட்டிய 1970 மாடல் அம்பாசிடர் மார்க் 2 எட்டு வருடமாக ஷெட்டில் நிற்கிறது. நிறுத்துவதற்கு முன்பே இழுவை இல்லை, புகை தள்ளியது. "இந்த இன்ஜினைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாட்டு" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

மாற்றாதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றாலும் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்பது) பார்க்காமல் மாற்றாதீர்கள்.

நான் மெக்கானிக் இல்லை. கோவையில் வேறு வேலை பார்க்கிறேன். 1968 மார்க் 2 ஒன்று பதினொரு வருடமாக என்னிடம் இருக்கிறது. உங்களுக்கு இன்று கிடைக்கிற அதே யோசனை அன்று எனக்கும் கிடைத்தது. நான் கேட்டேன், அனுபவித்தேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் உங்கள் பானெட்டுக்குள் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். அது பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் (பிஎம்சி) நிறுவனத்தின் பி சீரிஸ் என்ற இன்ஜின், 1489 சிசி. அம்பாசிடரே இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 காரின் இந்திய வடிவம்தானே, இன்ஜினும் அந்தக் குடும்பம்தான். நாலு சிலிண்டர், எட்டு வால்வு, புஷ் ராட், மூன்றே மெயின் பேரிங். இதே 1489 சிசி இன்ஜின் எம்ஜிஏ என்ற ஸ்போர்ட்ஸ் காரில் இரட்டை எஸ்யூ கார்புரேட்டரோடு 68 குதிரைத்திறன் தந்தது, பிறகு 72 வரை போனது. நம் வண்டியில் சுமார் 50. இந்தக் கணக்குதான் என்னைக் கவிழ்த்தது.

வாங்கிய முதல் வருடம் என் வண்டிக்கும் இழுவை இல்லை. அதே பிளாக்கிலிருந்து இன்னும் 20 குதிரை எடுக்கலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டை ஒரு லேத் பட்டறையில் கொடுத்துச் சீவினேன், கம்ப்ரஷன் ஏறட்டும் என்று. எங்கிருந்தோ இரண்டு எஸ்யூ கார்புரேட்டர் தேடிப் பிடித்து மாட்டினேன். சமதரையில் சத்தம் பிரமாதமாக இருந்தது. மேட்டுப்பாளையம் தாண்டிக் குன்னூர் மலை ஏறும்போது இன்ஜினுக்குள் யாரோ கிளிஞ்சல் டப்பாவைக் குலுக்குவது போல டிங் டிங் என்று தட்ட ஆரம்பித்தது. பர்லியார் வருவதற்குள் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் கசியாமல் தடுக்கும் தகடு) 2-ஆம், 3-ஆம் சிலிண்டருக்கு நடுவில் போய்விட்டது. லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். டாக்ஸி அம்பாசிடர்களிலேயே வாழ்நாளைக் கழித்தவர். கார்புரேட்டரைத் தொடவே இல்லை. பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, தண்டை இரண்டு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினார். ஆடியது. "தம்பி, இது இப்படி ஆடுனா பாயிண்ட் கேப்பு எப்படிங்க நிக்கும்? ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு டைமிங்குல பத்தும். இதை உட்டுப்போட்டு ரெண்டு கார்புரேட்டர் எதுக்குங்க?" என்றார். (பாயிண்ட் என்பது அதற்குள் திறந்து மூடி பிளக்குக்குத் தீப்பொறி வரவைக்கும் முனை.) பிறகு 3-ஆம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டில் உட்காராமல் ஒழுகுவதையும் அவர்தான் காட்டினார். அந்தத் தண்டைத் தாங்கும் புஷ் வளையத்தை மாற்றி, வால்வு கிரைண்டிங் போட்டு, மெலிந்த ஹெட்டுக்குப் பதிலாக வேறு ஹெட் வைத்து, பழைய ஒற்றைக் கார்புரேட்டரையே மாட்டினோம். அடுத்த மாதம் அதே மலையில் தட்டாமல் ஏறியது.

அந்த வண்டியில் பவர் குறைவாக இல்லை, இருந்த பவர் ஒழுகிக்கொண்டிருந்தது. எம்ஜிஏ அந்தப் பவரைத் தருவது நிமிடத்துக்கு 5500 சுற்றில், 8.3-க்கு 1 என்ற கம்ப்ரஷன் விகிதத்தில். ஆறு பேரையும் டிக்கி நிறைய மூட்டையையும் ஏற்றிக்கொண்டு 2000 சுற்றில் இழுக்க வேண்டிய வண்டிக்கு அந்த மாற்றம் எதற்கு? போதாக்குறைக்கு இந்த ஹெட்டில் இன்டேக் வழிகள் இரண்டுதான், இரண்டு சிலிண்டருக்கு ஒரு வாசல். வாசல் அப்படியே இருக்க, வெளியே கார்புரேட்டரை மட்டும் கூட்டி என்ன லாபம்?

இப்போது உங்கள் வண்டிக்கு வருகிறேன். எட்டு வருடம் நின்ற இன்ஜினில் பேட்டரி மாட்டி செல்ஃப் அடிக்கும் வேலையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் சிலிண்டரோடு ஒட்டியிருக்கலாம், ஏர் கிளீனருக்குள் எலி குடும்பம் நடத்தியிருக்கலாம் (எனக்குக் கிடைத்தது ஒரு முழு கூடு). நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு இரண்டு நாள் ஊற விடுங்கள். பிறகு டிக்கியில் கிடக்கும் ஸ்டார்ட்டிங் ஹேண்டிலை முன்னால் போட்டுக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். இந்த ஹேண்டில் இருப்பதே அம்பாசிடர் வைத்திருப்பவனின் பாக்கியம். சுற்றினால் சந்தோஷம். இறுகிப்போயிருந்தால் பலம் காட்டாதீர்கள், இன்னும் ஊற விடுங்கள். டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோல் இந்நேரம் வார்னிஷ் வாசம் அடிக்கும், முழுக்க வடித்துவிடுங்கள். ஆயிலும் மாற்றுங்கள். பிளக் இல்லாமலே செல்ஃப் அடித்து, ஆயில் பிரஷர் ஏறுவதைப் பார்த்த பிறகுதான் பிளக் மாட்ட வேண்டும்.

ஓடத் தொடங்கியதும் கம்ப்ரஷன் டெஸ்ட். நாலு எண்ணும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருந்தால் அந்த இன்ஜினை இறக்கவே வேண்டாம். ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங், ஏறவில்லை என்றால் வால்வு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். வால்வு, கேஸ்கெட் வேலைக்கெல்லாம் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும்.

புகைக்கும் இதே மாதிரி ஒரு கணக்கு உண்டு. ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது நீலப் புகை வந்தால் ரிங். இறக்கத்தில் காலை எடுத்து இறங்கிவிட்டு மறுபடி மிதிக்கும்போது குப்பென்று வந்தால் வால்வு கைடு. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம், கார்புரேட்டரைப் பாருங்கள். ரிங்தான் என்று முடிவானாலும் பயப்பட வேண்டாம். போர் பண்ணி (சிலிண்டரைக் கொஞ்சம் அகலமாகக் கடைந்து) ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். அதற்கும் இடமில்லை என்றால் சிலிண்டருக்குள் ஸ்லீவ் என்ற புதுக் குழாயை இறக்கலாம். கோவையிலோ சென்னை புதுப்பேட்டையிலோ தேடினால் இந்த இன்ஜினுக்குக் கிடைக்காத சாமான் அதிகம் இல்லை.

டேப்பெட் செட்டிங்கை, அதாவது வால்வுக்கும் அதை அமுக்கும் கைக்கும் நடுவே விடும் இடைவெளியைச் சரிசெய்வதை, நீங்களே கற்றுக்கொள்ளுங்கள். மாதம் ஒரு ஞாயிறு காலையை இதற்கு ஒதுக்கினால் இன்ஜினோடு ஒரு பழக்கம் வந்துவிடும். இடைவெளி 15 தவ் (ஒரு தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று), அதாவது 0.38 மில்லிமீட்டர். எந்த வால்வை எப்போது சரிசெய்வது என்பதற்குப் பெரியவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்பது கணக்கு. முன்னாலிருந்து வால்வுகளை 1 முதல் 8 வரை எண்ணிக்கொள்ளுங்கள். ஹேண்டிலைச் சுற்றும்போது 1-ஆம் வால்வு முழுதாக அமுங்கியிருந்தால் 8-ஐச் சரிசெய்யலாம். 3 அமுங்கினால் 6. கூட்டினால் ஒன்பது வர வேண்டும், அவ்வளவுதான். இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் லேசான பிடிப்போடு நழுவ வேண்டும். சத்தம் வருகிறதே என்று இறுக்கி வைக்காதீர்கள். இறுகிய வால்வு சரியாக மூடாது, எக்ஸாஸ்ட் வால்வு கருகிவிடும். கொஞ்சம் டக் டக் கேட்டால் கேட்கட்டும்.

அம்பாசிடர் என்றால் ஆயில் ஒழுகும் என்று எல்லாரும் சொல்வார்கள். இன்ஜினின் பின்பக்கம் கிராங்க் தண்டு வெளியே வரும் இடத்தில் ரப்பர் சீல் கிடையாது. தண்டில் வெட்டிய மரை சுற்றும்போது ஆயிலை உள்ளே தள்ளும், அதுதான் சீல். இன்ஜினுக்குள் காற்றழுத்தம் ஏறினால் அந்த மரையால் சமாளிக்க முடியாது. அழுத்தம் ஏன் ஏறுகிறது? ஒன்று ரிங் தேய்மானம், இல்லை உள்ளே சேரும் காற்றை வெளியே விடும் ப்ரீத்தர் குழாய் அடைப்பு. என் வண்டியில் கிளட்ச் வரை ஆயில் போய், "இன்ஜினை இறக்கணும்" என்று ஒருவர் சொன்ன பிறகு, ப்ரீத்தரைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினேன். ஒழுகல் பாதிக்கு மேல் நின்றுவிட்டது.

சூடாவதற்கு வருகிறேன். உங்கள் வண்டியில் தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ராடியேட்டருக்கு விடாத வால்வு) இருக்கிறதா என்று திறந்து பாருங்கள், அநேகமாக இருக்காது. நம் ஊரில் சூடானால் முதல் வைத்தியமே அதைக் கழற்றி எறிவதுதான். அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும், ஆயிலில் மசி சேரும், தேய்மானம் கூடும். உண்மையான காரணம் பெரும்பாலும் பிளாக்குக்குள் இருக்கிறது. வருடக்கணக்கில் போர்வெல் உப்புத் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். துருவும் உப்பும் 4-ஆம் சிலிண்டரைச் சுற்றிச் சேறாகப் படிந்துவிடும். ராடியேட்டரை மட்டும் கொடுத்து அடைப்பெடுத்தால் அந்தச் சேறு அப்படியே இருக்கும். பிளாக்கின் பக்கத்தில் இருக்கும் வட்டத் தகடு மூடியான கோர் பிளக்கைத் தட்டி எடுத்து, கம்பி விட்டுக் கிளறி, தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். நான் ஒரு பழைய பெயின்ட் டப்பா நிறைய எடுத்தேன். அதற்குப் பிறகு சுத்திகரித்த தண்ணீரும் கூலன்டும் மட்டும்தான்.

தாத்தா காலத்தில் இல்லாத ஒரு சிக்கல் பெட்ரோல். இந்த ஹெட் ஈயம் கலந்த பெட்ரோலுக்காகச் செய்தது. இந்தியா முழுக்க 2000 பிப்ரவரியோடு ஈயம் நின்றுவிட்டது. வால்வு சீட்டுக்கு இருந்த பாதுகாப்பும் அதோடு போயிற்று. மெல்ல ஓட்டுகிற வண்டியில் அவசரமில்லை. ஆனால் எப்போது ஹெட்டைக் கழற்றினாலும் எக்ஸாஸ்டுக்குக் கடினமான சீட் வளையம் போட்டுவிடுங்கள். நான் மனமார ஆதரிக்கும் மாற்றங்களில் இது முதலாவது.

இரண்டாவது, இப்போது பெட்ரோலில் கலந்து வரும் 20 சதவீத எத்தனாலுக்காக. பழைய ரப்பரையும் பம்புக்குள் இருக்கும் டயஃப்ரம் என்ற ஜவ்வையும் அது தின்றுவிடும். டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்கும் வகையாக மாற்றுங்கள், பெட்ரோல் பம்ப் டயஃப்ரத்தையும் சேர்த்து. இதில் சிக்கனம் பார்க்காதீர்கள், கீழே எக்ஸாஸ்ட் பைப் கொதித்துக்கொண்டிருக்கிறது. எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால் பழைய செட்டிங்கில் கலவை வறண்டுவிடும் (காற்றுக்குப் பெட்ரோல் போதாது), இழுவை குறையும், சூடும் ஏறும். உங்கள் வண்டியில் எஸ்யூ இருந்தால் தப்பித்தீர்கள். அடியில் இருக்கும் ஜெட் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் தூக்கிப் பாருங்கள். இன்ஜின் அணையப் பார்த்தால் இன்னும் வறட்சி. வேகம் ஏறி அப்படியே நீடித்தால் பெட்ரோல் அதிகம். லேசாக ஏறிப் பழையபடி அடங்கினால் சரி. சோலெக்ஸ் கார்புரேட்டராக இருந்தால் ஜெட்டையே மாற்ற வேண்டும். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கில் இந்தப் பெட்ரோலை வைத்திருக்காதீர்கள், தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மலையில் வேப்பர் லாக் ஆனால் (சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைத்தால்) பம்பின் மேல் ஈரத்துணி போடும் தாத்தா வைத்தியம் இன்றும் வேலை செய்கிறது.

மூன்றாவது, பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட். டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும், வெளியே தெரியாது. முதலில் தண்டு ஆட்டத்தைச் சரிசெய்துவிட்டுப் போடுங்கள். பழைய பாயிண்ட், கன்டென்சர் இரண்டையும் தட்டோடு ஒரு டப்பாவில் போட்டு டிக்கியில் வையுங்கள். ராத்திரி நடுவழியில் கிட் செத்தால் பத்து நிமிடத்தில் பழையபடி ஓட்டலாம்.

இன்ஜின் மாற்றுவதென்றால் பொதுவாகச் சொல்லப்படுவது இசுசு 1817 சிசி. 1990-களில் கம்பெனியே அம்பாசிடரில் வைத்து விற்றதுதான், நல்ல இன்ஜின். ஆனால் அதோடு கியர்பாக்ஸும் மாறும், ஸ்டீயரிங் பக்கத்துக் கியர் தரைக்கு வரும், மவுன்டிங்கை வெட்டி ஒட்ட வேண்டும். பிறகு பழையபடி ஆக்க நினைத்தால் முடியாது. சட்டப்படியும் ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சி-யில் ஏற்றியாக வேண்டும்.

அதைவிட முக்கியம் ஒன்று. 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வருடம் தாண்டிய வண்டியை வின்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். நம்பரில் விஏ என்ற எழுத்து வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். உங்கள் வண்டிக்கு வயது ஆகிவிட்டது. ஆனால் சேஸிஸ், பாடி, இன்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புவது மாதிரி காரியங்களுக்குத்தான். அதனால் இது எல்லாருக்கும் ஒத்துவராது. நானே இன்னும் போகவில்லை, ஞாயிற்றுக்கிழமை பேரூர் வரை போகும் சுகத்தை விட மனமில்லை. ஆனால் பிற்காலத்தில் போக நினைத்தால் அந்தக் கதவை இன்றே பூட்டிவிட வேண்டாமே.

எதற்கும் முதலில் பிளாக்கில் அடித்திருக்கும் இன்ஜின் நம்பரைத் துடைத்துப் பார்த்து ஆர்சி-யோடு ஒப்பிடுங்கள். 80-களிலும் 90-களிலும் பல பெட்ரோல் அம்பாசிடர்களில் டீசல் இன்ஜினை மாட்டிவிட்டிருக்கிறார்கள். தாத்தாவே ஏற்கனவே மாற்றியிருந்தால் நான் மேலே சொன்னதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. நம்பர் ஒத்துப்போனால் கம்ப்ரஷன் எண்கள் நாலையும் பின்னூட்டத்தில் போடுங்கள், எந்த வால்விலிருந்து தொடங்கலாம் என்று பார்ப்போம்.