உருவக அணி என்று எழுதியாயிற்று, அப்புறம்?

திருகோணமலையில் உயர்தரத்துக்குத் தமிழ் படிக்கும் மாணவி ஒருவர் கேட்கிறார்: "செய்யுளில் உருவகம் இருப்பதைக் கண்டுபிடித்துவிடுகிறேன். அது பாட்டின் மையக்கருத்தை எப்படி வளர்க்கிறது என்று வினா வந்தால்தான் கை ஓடுவதில்லை. எங்கே தொடங்குவது?"

எதை எதுவாக உருவகித்தார் என்பதோடு நின்றுவிடாமல், அந்தப் பொருள் நிஜத்தில் என்ன செய்யும் என்று கேளுங்கள். அப்பரின் பாட்டு ஒன்றை எடுப்போம். (கோணமலையைப் பாடியவர் சம்பந்தர்தான். ஆனால் இந்தக் கேள்விக்கு அப்பரை விட்டால் ஆளில்லை.) நான்காம் திருமுறையில், திருவொற்றியூர்ப் பதிகத்தில் வருகிறது:

மனமெனும் தோணி பற்றி மதியெனும் கோலை ஊன்றிச்
சினமெனும் சரக்கை ஏற்றிச் செறிகடல் ஓடும் போது
மதனெனும் பாறை தாக்கி மறியும்போது அறிய வொண்ணாது
உனையுனும் உணர்வை நல்காய் ஒற்றியூர் உடைய கோவே

மனம் தோணி, மதி கோல், சினம் சரக்கு, காமம் பாறை. பல விடைத்தாள்கள் இந்தப் பட்டியலோடு படுத்துவிடும்.

கோலைக் கொஞ்சம் பாருங்கள். தம்பலகாமக் குடாவில் ஆழமில்லாத ஓரங்களில் கோல் ஊன்றித் தோணி தள்ளலாம். உங்கள் துறைமுகத்தின் நடுவில் ஊன்ற முடியுமா? தரை எட்டாது. அப்பர் தோணியை விடுவதோ கடலில். அறிவு ஓர் ஆழம் வரைக்கும்தான் உதவும் என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. கோலைக் கடலுக்குக் கொண்டுபோனதிலேயே அது வந்துவிடுகிறது. கோலைத் துடுப்பாகக் கொண்டால் இந்த நயம் போய்விடும். 'ஊன்றி' என்றிருப்பதால் நான் ஊன்றும் கோலாகவே கொள்கிறேன்.

சரக்கு நாமே ஏற்றியது. பாரம் கூடக் கூடத் தோணி தாழும்; தாழ்ந்த தோணியைத்தான் நீருக்குள் கிடக்கும் பாறை எளிதில் பிடிக்கும். ஆகவே சினமும் காமமும் தனித்தனிக் குற்றங்களாக நிற்கவில்லை, ஒன்று மற்றதற்கு வழிவிடுகிறது.

இனிக் கடைசி அடி. முதல் மூன்று அடிகளிலும் வந்த 'எனும்' அதில் இல்லை. தோணி கவிழ்ந்ததும் உருவகமும் நின்றுபோகிறது. உன்னை நினைக்கும் உணர்வைக் கொடு என்று மறைப்பில்லாமல் கேட்கிறார். தன் முயற்சி போதாது, அருள் வேண்டும் என்ற மையக்கருத்துக்கு நம்மைத் தோணியிலேயே ஏற்றிக் கொண்டுவந்து விட்டுவிட்டார்.

எல்லாப் பாட்டிலும் உருவகம் இப்படி முழுசாக இராது. 'பிறவிப் பெருங்கடல் நீந்துவர்' என்ற குறளில் பிறவி கடலாகிறது. இறைவன் அடியைத் தெப்பம் என்று வள்ளுவர் சொல்லவில்லை. அதை வாசிப்பவர்தான் நிரப்ப வேண்டும். இலக்கணத்தில் இது ஏகதேச உருவகம்.

பரீட்சைக்கு ஒரு வழி: பெயர்களைவிட வினைகளைக் கோடிடுங்கள். பற்றி, ஊன்றி, ஏற்றி, ஓடும்போது, தாக்கி, மறியும்போது. வரிசையாக வாசித்தால் நம்பிக்கையாகப் புறப்பட்டுக் கவிழ்ந்தது வரை தெரியும். ஒவ்வொரு வினைக்கும் ஒரு வாக்கியம் எழுதுங்கள். அணியின் பெயருக்கு ஒரு வரி போதும். புதுக்கவிதையில் 'எனும்' பெரும்பாலும் இராது, அங்கே வினைதான் காட்டிக்கொடுக்கும். 'நினைவு வலையை அறுத்துக்கொண்டு போனது' என்றால் நினைவு அங்கே மீன்.