காப்பிக்கடையில் ஒரு பேச்சு, ஆபீசில் ஒரு பேச்சு: கேள்வி பதில்

ஒலியியல் படித்துவிட்டு இருபது வருடங்களுக்கு மேலாகச் சிங்கப்பூரில் பேச்சுப் பயிற்சி கொடுத்து வருகிறேன். ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் நம் ஆக்சென்ட் மாறுகிறதே, அதைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். திக்குவாய், குரல் கம்மல் எல்லாம் என் துறை இல்லை.

பொங்கோல்வாசி: நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். லண்டன் டீமோடு பேசும்போது என் ஆங்கிலம் ஒரு மாதிரி, காப்பிக்கடையில் வேறு மாதிரி. வேண்டுமென்று செய்வதில்லை, தானாக வருகிறது. மனைவி ‘போலி’ என்று கிண்டல் செய்கிறார். இது நடிப்பா?

இது போலி என்றால் உங்கள் மனைவியும் போலிதான். அவர் அம்மாவோடு போனில் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அடுத்து வங்கியிலிருந்து ஓர் அழைப்பு வந்தால் எப்படிப் பேசுகிறார் என்றும் கேளுங்கள். அதற்கு மேல் வாதாட வேண்டியிருக்காது.

எதிரே இருப்பவரின் பேச்சை நோக்கி நம் பேச்சு சாய்வதை 1970களிலேயே ஹோவர்ட் ஜைல்ஸ் என்ற சமூக உளவியலாளர் விளக்கிவிட்டார். பிடித்தவர், நமக்கு வேண்டியவர், நாம் மதிப்பவர் என்றால் அவர் பக்கம் சாய்வோம். பிடிக்காதவரிடம் இன்னும் அழுத்தமாக நம் ஊர்ப் பேச்சைப் பேசி விலகி நிற்போம். இரண்டும் பெரும்பாலும் நமக்குத் தெரியாமலேதான் நடக்கும். இங்கிலாந்தின் இரண்டாம் எலிசபெத் ராணி 1950களில் ஆற்றிய கிறிஸ்துமஸ் உரைகளையும் 1980களில் ஆற்றியவற்றையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 2000இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ராணியின் உயிரொலிகளே தன் குடிமக்களின் பேச்சுப் பக்கம் கொஞ்சம் நகர்ந்திருந்தன. அவர் யாரிடம் நல்ல பெயர் வாங்க வேண்டியிருந்தது, சொல்லுங்கள்?

தமிழனுக்கு இது புதிதே இல்லை. மேடையில் ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்பவர் படி இறங்கியதும் ‘வந்துகிட்டிருக்காங்க’ என்கிறார். அவரை யாரும் போலி என்று சொல்வதில்லை. ஆங்கிலத்தில் செய்தால் மட்டும் ஏன் இந்தக் குற்றவுணர்ச்சி?

உட்லண்ட்ஸ்காரி: டாக்சி அங்கிளிடம் பேசும்போது ‘லா’ போட்டு, அவர் மாதிரியே பேசிவிடுகிறேன். அவர் தவறாக எடுத்துக்கொள்வாரா?

நீங்கள் இங்கே வளர்ந்தவர் என்றால் அவர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். அது உங்கள் பேச்சும்தான். புதிதாக வந்தவர் என்றால் கொஞ்சம் கவனம் வேண்டும். ‘லா’ கடைசியில் தூவுகிற கொத்தமல்லி இல்லை. சிங்கப்பூர் ஆங்கிலத்தில் வாக்கியக் கடைசியில் வரும் லா, லோ, மே, லே ஒவ்வொன்றுக்கும் தனி வேலை உண்டு. நம் ஏ, ஓ, தான், ஆம் போலத்தான். ‘வந்தானே’, ‘வந்தானோ’, ‘வந்தானாம்’ மூன்றையும் ஒருவர் மாற்றி மாற்றிப் போட்டால் நமக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான் அவர்களுக்கும் இருக்கும்.

இங்கேதான் என் எச்சரிக்கை: முகத்துக்கு நேரே நகல் எடுக்காதீர்கள். தானாகச் சாய்வது வேறு, எட்டிப் பிடிப்பது வேறு. சாயும்போது வேகமும் ராகமும் தானாக மாறும். நகல் எடுப்பவரோ அடுத்தவர் பேச்சில் துருத்திக்கொண்டிருக்கும் ஒலியைத்தான் முதலில் பிடிப்பார். பட்டுத்தான் சொல்கிறேன். ஸ்காட்லாந்தில் படித்தபோது, தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாவிடம் அவருடைய உருட்டும் ‘ர’வைப் போட்டு மூன்று நாள் ஆசையாகப் பேசினேன். நான்காம் நாள், “என்னைக் கேலி செய்கிறாயா?” என்று நேராகவே கேட்டுவிட்டார். ஒலியியல் மாணவி நான்! ஒரு வாரம் அந்தச் சமையலறைப் பக்கமே போகவில்லை.

ஜூரோங் மதுரைக்காரன்: அக்கா, வந்து நாலு வருஷம் ஆச்சு. தேக்காவில் நான் தமிழில் கேட்டால் கடைக்காரர் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார். இங்குள்ளவர்கள் பழத்தைப் ‘பளம்’ என்கிறார்கள். சரியான தமிழ் பேசுகிற நான் எதற்கு மாற வேண்டும்?

தம்பி, மதுரையில் வாழைப்பழம் விற்பவர் என்ன சொல்கிறார்? ‘வாளப்பளம்’தானே? தென் மாவட்டங்களில் ழ எப்போதோ ள-வோடு கலந்துவிட்டது. சென்னைப் பேச்சில் அது ‘பயம்’ என்று வேறு ஆகும். சிங்கப்பூர்க்காரர்கள் ழ-வைத் தொலைத்திருந்தால் அது கப்பலில் ஏறுவதற்கு முன்பே நடந்திருக்கும்.

கடைக்காரர் விஷயம் வேறு. உங்களை ஒதுக்க ஆங்கிலம் பேசினார் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். நாள் முழுக்க நாலு மொழியில் விற்பவருக்கு விலை சொல்லும் மொழி ஆங்கிலம், அவ்வளவுதான். ‘அண்ணே, எவ்வளவு?’ என்று இரண்டாவது முறையும் தமிழிலேயே கேளுங்கள். பெரும்பாலும் தமிழுக்கு வந்துவிடுவார்.

தெம்பனிஸ் பெண்: மன்னிக்கவும், மேலே பேசியவருக்கு ஒரு வார்த்தை. நாங்கள் ‘கோப்பி’ என்றால் சிரிக்கிறார்கள், ‘தாதி’ என்றால் சிரிக்கிறார்கள். வந்தவர்கள் எங்கள் தமிழைத் திருத்த வேண்டுமா? அவர்கள்தானே எங்களைப் போலப் பேசிப் பழக வேண்டும்?

‘கோப்பி’ மலாய் வழி வந்தது. ‘காபி’ ஆங்கிலம் வழி வந்தது. இரண்டில் எது செந்தமிழ் என்று சண்டை போட்டால் காப்பிதான் ஆறும். நர்ஸைக் குறிக்கும் ‘தாதி’ வடமொழி வழி வந்து தமிழில் பழகிய அழகான பழைய சொல். அங்கே கைவிட்டதை இங்கே வைத்திருக்கிறோம், அதற்குப் போய் யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் ‘எங்கள் தமிழ்’ என்கிறீர்களே, அது யாருடையது? தஞ்சாவூர், புதுக்கோட்டை, ராமநாதபுரம், கடையநல்லூர், தென்காசி, யாழ்ப்பாணம் என்று வந்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்களாகி, ஒருவர் பேச்சின் கூர்மையை இன்னொருவர் தேய்த்துத்தான் அது உருவானது. ஒவ்வொரு தாத்தாவும் கொஞ்சம் மாறிக்கொண்டார். அந்த மாற்றத்தில் பிறந்த பேச்சை வைத்துக்கொண்டு இனி யாரும் எதையும் மாற்றக்கூடாது என்றால் எப்படி?

ஜூரோங் மதுரைக்காரன்: அப்போ நான் மாறணும்னு சொல்றீங்க. சரி அக்கா, அவங்க மாற வேண்டாமா? சின்னப் பிள்ளைகள் தமிழ் வகுப்பில் புத்தகத் தமிழ் பேசுகிறார்கள். வீட்டில் ஆங்கிலம். யாரோடு நான் சாய்வது?

இது நல்ல கேள்வி, முதலில் கேட்டதைவிட. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்குள்ள இந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம்தான். பிள்ளைக்குத் தமிழ் என்றால் வகுப்பறை என்றாகிவிட்டது. வகுப்பறையிலும் நீண்ட காலம் எழுத்துத் தமிழையே பேச வைத்தார்கள். அதனால் சில பிள்ளைகள் ‘நான் தண்ணீர் அருந்த விரும்புகிறேன்’ என்று நாடக ராஜா மாதிரி பேசும். 2005இல் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, பேச்சுத் தமிழுக்கு வகுப்பில் இடம் கொடுக்கச் சொன்னது. எந்த ஊர், எந்த சாதி வாடையும் தூக்கலாக இல்லாத, படித்தவர்கள் பொதுவில் பேசும் தமிழ் அது. அந்தப் பிள்ளைகளிடம் நீங்கள் மதுரைத் தமிழே பேசுங்கள், கொஞ்சம் மெதுவாக. அவர்களுக்குப் பல ஊர்த் தமிழ் காதில் விழ வேண்டும்.

தெம்பனிஸ் பெண்: என் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை. சிரிப்பது சரியா?

சரியில்லை. அவர்கள் ‘அவிய்ங்க’ என்றால் நீங்கள் சிரிப்பதும் சரியில்லை. நீங்களும் சிரித்திருப்பீர்கள், எனக்குத் தெரியும்.

செங்காங் அம்மா: ஆறு வயது மகள் யூடியூப் பார்த்து அமெரிக்கக் குழந்தை மாதிரி பேசுகிறாள்.

தொடக்கநிலை ஒன்றில் கூட்டாளிகள் கிடைத்ததும் கரைந்துவிடும். திரைக்குள் இருப்பவரைவிட பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் பிள்ளையின் பேச்சுதான் ஒட்டும்.

சாங்கி பிசினஸ் பார்க்: சென்னையிலிருந்து வந்தவன். மீட்டிங்கில் நான் சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொல்கிறார்கள். ஆக்சென்ட்டை மாற்ற வேண்டுமா?

ஆக்சென்ட்டை மாற்ற வேண்டாம். மூன்று இடங்களை மட்டும் சரி செய்யுங்கள். முதலில் வேகம். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களிடம் நான் குறைக்கச் சொல்வது ஒலியை இல்லை, வேகத்தைத்தான்.

அடுத்தது மூச்சு. ஆங்கிலத்தில் குண்டூசியும் ‘பின்’, குப்பைத்தொட்டியும் ‘பின்’. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றே, சிக்கலே அங்கேதான். பிரிட்டிஷ், அமெரிக்கக் காதுகள் இவற்றைப் பிரித்தறிவது உதட்டிலிருந்து வெளியேறும் மூச்சை வைத்து. குண்டூசிக்கு மூச்சு வர வேண்டும். ஒரு துண்டு காகிதத்தை வாய்முன் பிடித்துச் சொல்லுங்கள், ஆட வேண்டும். ஆடவில்லை என்றால் அவர்கள் காதில் விழுவது குப்பைத்தொட்டி. சொல்லின் தொடக்கத்தில் வரும் ‘ட’, ‘க’ வல்லொலிகளுக்கும் இதே கதைதான்.

மூன்றாவது அழுத்தம். ‘டெவலப்மென்ட்’ என்பதில் நாம் ‘டெ’யை அழுத்துவோம். அவர்கள் ‘வெ’யை அழுத்துவார்கள். ‘கமிட்டி’யில் ‘மி’. உங்களை இரண்டாம் முறை சொல்ல வைப்பது பெரும்பாலும் இதுதான். உள்ளூர்க்காரர்கள் எல்லா அசையையும் ஏறத்தாழ ஒரே அளவில் சொல்வதால் அவர்களோடு இந்தத் தொல்லை குறைவு.

இதை அலட்சியம் செய்யவும் முடியாது. 2010இல் வெளியான ஓர் ஆய்வில், ‘ஒட்டகத்தைவிட ஒட்டகச்சிவிங்கி தண்ணீர் இல்லாமல் அதிக நாள் தாங்கும்’ போன்ற வாக்கியங்களைப் பலரை வாசிக்க வைத்தார்கள். அயல் ஆக்சென்ட்டில் கேட்டபோது கேட்டவர்கள் கொஞ்சம் குறைவாக நம்பினார்கள். வாசித்தவர் எழுதிக் கொடுத்ததைத்தான் படிக்கிறார் என்று தெரிந்தும்கூட! காதுக்குச் சிரமமாக இருப்பதை மனம் ‘உண்மையில்லை’ என்று எடுத்துக்கொள்கிறது. அந்தச் சிரமத்தைத்தான் குறைக்கச் சொல்கிறேன். வேறு ஆளாக மாறச் சொல்லவில்லை.

பெயர் வேண்டாம்: என் இந்திய ஆக்சென்ட்டை எப்படி மாற்றுவது?

மேலே இப்போதுதானே எழுதினேன்.

பீஷான்: ஆபீசுக்கு அமெரிக்க ஆக்சென்ட் எத்தனை வாரத்தில் வரும்?

வராது. மேலே பாருங்கள்.

கல்லூரி மாணவன்: தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பணியில், இருந்தபோது செக்‌ஷனில் எல்லோரும் பேசுகிற மாதிரி பேசினேன், ஹொக்கியன் என்ற சீன வட்டார மொழிக் கெட்ட வார்த்தை உட்பட. இப்போது பல்கலைக்கழகத்தில் அது வாயில் வந்துவிடுகிறது. கேட்பவர்கள் விழிக்கிறார்கள்.

இரண்டு வருடம் இருபத்துநான்கு மணி நேரமும் ஒரே கூட்டத்தோடு இருந்தால் ஒட்டாமல் இருக்குமா? தெக்கோங் ராணுவ முகாமில் அது தோழமை, விரிவுரை மண்டபத்தில் அது விபத்து. ஒரு செமஸ்டரில் சரியாகும். ரிசர்விஸ்ட் பயிற்சிக்கு மறுபடி முகாம் போகும்போது முதல் நாளே திரும்பி வந்துவிடும், அதையும் பாருங்கள். வேடிக்கையாக இருக்கும்.

ஹவ்காங் மகள்: போன வாரம் கீழே விழுந்ததிலிருந்து அம்மாவின் பேச்சு வேறு ஊர்க்காரர் பேசுவது போல இருக்கிறது. பயிற்சியில் சரியாகுமா?

என்னிடம் கேட்காதீர்கள். இன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். மூளையில் அடிபட்டாலோ பக்கவாதத்தாலோ பேச்சு இப்படி மாறக்கூடும். வாய் கோணினாலோ கை தளர்ந்தாலோ உடனே ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.

கிளமெண்டி: மலாய் அண்டை வீட்டாரிடம் அவர்களைப் போலவே பேசிக் காட்டினால் நெருக்கம் வருமா?

‘பேசிக் காட்டினால்’ என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். முகத்துக்கு நேரே நகல் எடுக்காதீர்கள். இரண்டாவது முறை சொல்கிறேன். நாலு வார்த்தை மலாய் கற்றுக்கொண்டு உங்கள் வாயால் பேசுங்கள்.

தோ பாயோ அங்கிள்: என் பேரன் என்னிடம் மட்டும் மெதுவாக, சத்தமாக, குழந்தையிடம் பேசுவது போல் பேசுகிறான். எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது.

இதுவும் சாய்வுதான் அங்கிள், ஆனால் அளவு மீறிச் சாய்கிறான். வயதானவர் என்றாலே கேட்காது என்று அவனாக நினைத்துக்கொள்கிறான். ஒரு நாள் நீங்கள் அவனிடம் அதே மாதிரி பேசிப் பாருங்கள். (நகல் எடுக்கக்கூடாது என்ற என் விதிக்குத் தாத்தா பாட்டிகள் மட்டும் விலக்கு.)

ஜூரோங் மதுரைக்காரன்: சரி அக்கா, தெம்பனிஸ் தங்கச்சிக்காக ஒரு சமாதானம். நாளைக்குத் தேக்காவில் ‘கோப்பி’ என்றே கேட்கிறேன்.

கேளுங்கள். ஆனால் ‘கோப்பி’ என்றால் டின் பால் ஊற்றித் தருவார்கள். பால் வேண்டாம் என்றால் ‘கோப்பி ஓ’, சர்க்கரையும் வேண்டாம் என்றால் ‘கோப்பி ஓ கொசோங்’. ஃபில்டர் காபி வேண்டும் என்றால் அந்தக் கடைக்குப் போகாதீர்கள்.