டெக்சஸின் லேக் ஃபோர்க் ஏரியில் பெரிய பாஸ் மீன் சிக்கவில்லையா?
ஆகஸ்ட் மதியத்தில் கரையில் நின்று சின்ன ஸ்பின்னரை (சுழலும் தகடுள்ள போலி இரை) வேகமாக இழுக்கிறேன், குட்டி மீன்கள்தான் சிக்குகின்றன என்கிறீர்கள். அப்படி இழுத்தால் குட்டிகள்தான் வரும் நண்பரே, பெரிய பாஸ் அந்த வெயிலில் ஆழத்துக்கோ பாசி நிழலுக்கோ போயிருக்கும். விடியற்காலையில் போங்கள். 10 அங்குல பிளாஸ்டிக் புழுவை டெக்சஸ் ரிக் என்ற முறையில் கொக்கியில் கட்டுங்கள், கொக்கியின் முனை புழுவுக்குள் மறைந்திருப்பதால் அங்கே மூழ்கிக் கிடக்கும் மரங்களில் அவ்வளவாக மாட்டாது. அடியைத் தொட விட்டு மெல்ல இழுக்கணும். பொறுமையைச் சோதிக்கும்தான், ஆனால் லைனில் டக்கென்று ஒரு தட்டு வரும் பாருங்கள், அதுக்காகவே எத்தனை நாள் வேண்டுமானாலும் வெறுங்கையோடு திரும்பலாம்! உடனே தொய்வைச் சுற்றிவிட்டு ஓங்கி இழுங்கள். 1992இல் 18.18 பவுண்டு மாநிலச் சாதனை மீன் வந்த ஏரி அது. அப்புறம், 16 முதல் 24 அங்குலம் வரை நீளமுள்ள பாஸைத் திரும்ப விட்டுவிடணும், அளவுகோல் எடுத்துப் போங்கள்.